சாண்டர் பெல்ட்டைத் திரும்பப் போடலாமா, வெட்டலாமா? கோளாறைப் பார்த்து முடிவெடுக்க ஒரு வழிமுறை

இலங்கை மலையகத்தில், அட்டனிலோ பண்டாரவளையிலோ, ஹார்ட்வெயார் கடையில் சாண்டர் பெல்ட் (மரத்தைத் தேய்க்கும் மெசினில் சுற்றும் மணல்துணி வளையம்) கேட்டால், கைமெசினுக்கான இரண்டு மூன்று அளவுகள்தான் பெரும்பாலும் தொங்கும்: 3க்கு 18, 3க்கு 21, 4க்கு 24 அங்குலம். மணலின் பருமனைக் காட்டும் நம்பரும் 60, 80, 120 என்று நின்றுவிடும். மேசை மெசினுக்கான 4க்கு 36, 6க்கு 48 வேண்டுமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் நம் பட்டறைகளில் எந்தப் பெல்ட்டும் லேசில் குப்பைக்குப் போவதில்லை. ஆணியில் தொங்கும், பரணில் கிடக்கும், "இன்னும் மணல் இருக்குத்தானே" என்று யாராவது ஒருவர் எடுத்துத் திரும்ப மாட்டுவார்.

மணல் இருக்கிறதா என்று பார்ப்பது கடைசிக் கேள்வி. மணல் மழுங்கிய பெல்ட் வேலையைக் கெடுக்கும். முதுகுத் துணியோ, இரு முனைகளும் சேரும் ஒட்டோ கெட்ட பெல்ட் ஆளைக் கெடுக்கும். கைமெசினில் பெல்ட் நிமிடத்துக்கு 300 முதல் 500 மீட்டர் வரை ஓடுவது சாதாரணம். அந்த வேகத்தில் ஒட்டு விட்டால் பெல்ட்டின் நுனி முகத்தை நோக்கியும் வரும், விரலை நோக்கியும் வரும். இரண்டாவது விஷயம், பெல்ட்டின் அகலத்தைக் குறைப்பது நாமே செய்யக்கூடிய வேலை. நீளத்தை மாற்றுவது அப்படியல்ல. ஏன் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இதைப் பாருங்கள்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கைமெசினில் பூட்டு பொத்தான் அமுங்கியபடி இருந்து, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மெசின் மேசையிலிருந்து தானாகப் பாய்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி, மணல் பக்கத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். குறுக்காக வெடிப்பு, எண்ணெய்க் கறை, கருகிய மினுமினுப்பு, பூஞ்சணம் இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பெல்ட் மெசினுக்கு ஆகாது. அடுத்து ஒட்டு. கட்டைவிரல் நகத்தால் ஒட்டின் இரு மூலைகளையும் மெதுவாக நெம்புங்கள். நகம் உள்ளே போனால் தீர்ந்தது. கடைசியாக, மெசினின் சிறிய உருளை எவ்வளவு பருமனோ அந்த அளவு ஒரு குழாயில் பெல்ட்டை வளைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டு மணல் உதிர்ந்தால், மணலைப் பிடித்திருக்கும் பிசின் காய்ந்து உடைந்துவிட்டது.

ஒட்டு எந்த வகை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முனையின்மேல் மறுமுனை ஏறியிருந்தால் அது ஒரு திசையில் மட்டும் ஓட வேண்டிய பெல்ட். முதுகில் அம்புக்குறி இருக்கும். இரண்டு முனைகளும் முட்டி நின்று, பின்னால் மெல்லிய நாடா ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இரு திசையிலும் ஓடும். ஏறிய ஒட்டுப் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பலகை அந்த ஒட்டின் விளிம்பைக் கிளப்பிக் கிளப்பிக் கடைசியில் பிய்த்துவிடும். முட்டு ஒட்டு என்றால், மழுங்கத் தொடங்கிய பெல்ட்டைத் திசை மாற்றிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். மணல் துகளின் தேயாத முகம் அப்போது முன்னே வரும்.

பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடுகிறது, ஓட்டத்தைச் சரிசெய்யும் திருகைத் திருகியும் நிற்கவில்லை

கோளாறு மெசினிலா பெல்ட்டிலா என்று பிரித்துக்கொள்வதுதான் பாதி வேலை. நன்றாக ஓடும் வேறொரு பெல்ட்டை மாட்டிப் பாருங்கள். அதுவும் அதே பக்கம் ஓடினால் உருளையில் தூள் கட்டியிருக்கிறது, அல்லது உருளையின் நடுமேடு தேய்ந்திருக்கிறது, அல்லது முன் உருளையின் கை வளைந்திருக்கிறது. தூளை ஒரு மரச் சீவலால் சுரண்டி எடுங்கள். உளியால் சுரண்டி இறப்பரைக் கீறிவிட வேண்டாம்.

மற்ற பெல்ட் ஒழுங்காக ஓடினால், பிசகிய பெல்ட்டின் ஒரு விளிம்பு மற்றதைவிட நீளம் என்று அர்த்தம். ஒட்டு கோணலாக விழுந்திருந்தால் இப்படி வரும். ஈரத்தில் ஒரு பக்கம் மட்டும் நனைந்து இழுபட்டிருந்தாலும் வரும். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு குழாயை ரசமட்டம் வைத்துச் சமமாகக் கட்டுங்கள். பெல்ட்டை அதில் மாலைபோல் தொங்கவிட்டு, கீழ் வளைவுக்குள் கனமான இன்னொரு குழாயைப் போடுங்கள். கீழ்க் குழாயின்மேல் ரசமட்டம் வைத்தால் அது சமமாக நிற்க வேண்டும். சாய்ந்தால் சாய்ந்த பக்க விளிம்பு நீளம். மடித்து விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மடித்த இடத்தில் மணல் பூச்சு உடைந்துவிடும், செய்யாதீர்கள்.

கொஞ்சச் சாய்வு என்றால் திருகு சமாளிக்கும். சமாளிக்காத பெல்ட்டை மெசினின் சட்டத்தில் உரசவிட்டு ஓட்டுவதில் லாபமில்லை. விளிம்பு பிய்ந்து, அலுமினியச் சட்டத்தையும் அறுத்துவிடும். அகலமான பெல்ட் என்றால் கீழே சொல்லும் முறையில் இரண்டு மூன்றாக அறுத்துக்கொள்ளுங்கள். அகலம் குறையக் குறைய இரு விளிம்புக்கும் உள்ள நீள வித்தியாசமும் குறைந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக் டக்' என்று தட்டுகிறது

பெல்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒட்டு, பெல்ட்டை மரத்தில் அழுத்தும் அடித்தட்டைத் தாண்டும்போது அந்தத் தட்டல் வருகிறதா என்று பாருங்கள். புதுப் பெல்ட்டில் லேசான தட்டல் இருக்கும். ஏறிய ஒட்டு எப்படியும் ஒரு மயிரிழை தடிப்பு. நேற்று இல்லாத தட்டல் இன்று வந்திருந்தால் ஒட்டு எழும்பத் தொடங்கிவிட்டது. அதை மெசினிலிருந்து எடுத்துவிடுங்கள். 'இந்த ஒரு கதிரைக்கால் மட்டும் முடித்துவிடுவோம்' என்ற எண்ணம் வரும் நேரம் அதுதான்.

ஒட்டில் கோளாறில்லை, தட்டல் மட்டும் இருக்கிறது என்றால் அடித்தட்டின் கீழுள்ள கறுப்புக் கிராஃபைட் துணி கிழிந்து சுருண்டிருக்கலாம். பழைய கைமெசின்களில் இது அடிக்கடி நடக்கும். யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

ஒட்டு விட்டுப்போகிறது, கடையில் வாங்கிய புதுப் பெல்ட்டும் விட்டுப்போகிறது

மலையகத்தில் மிக அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு இதுதான். மெசினைத் திட்டுவார்கள், கடைக்காரரைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் ஈரமும் வயதும்.

பெல்ட்களை 18 முதல் 22 பாகை வரை வெப்பமும், 45 முதல் 65 சதவீதம் வரை ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைக்கச் சொல்வது இந்தத் தொழிலின் பொது வழக்கம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அதற்குப் பிறகும் மாலையானால் பனிமூட்டம். தகரக் கூரைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பெல்ட் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடிக்கும். துணி இளகும், நீளும், ஒட்டின் பசை பலம் குறையும். அதோடு ஒற்றை ஆணியில் தொங்குவதால் அந்த இடத்தில் மடிப்பும் விழும்.

தேயிலைத் தூளை எப்படிக் காற்றுப்படாமல் டின்னில் போட்டு வைக்கிறோமோ அப்படித்தான் பெல்ட்டையும் வைக்க வேண்டும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து. பொட்டலங்களை இடைக்கிடையே வெயிலில் அல்ல, இளஞ்சூட்டு அவன் அடுப்பில் காயவைத்தால்தான் திரும்ப வேலை செய்யும். சிலர் அலுமாரிக்குள் பழைய மாதிரிக் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு வைக்கிறார்கள். நல்ல முறைதான், பல்புக்குப் பக்கத்தில் தூளும் துணியும் இல்லாமல் இருந்தால். எல்.ஈ.டி. பல்பு போட்டால் வெளிச்சம் வரும், அலுமாரி காயாது.

சமையலறையில் அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் வழக்கம் வேறு. அங்கே ஈரம் போகும், கூடவே பிசினும் காய்ந்து நொறுங்கும். புகையின் எண்ணெய்ப் பிசுக்கு துணியில் ஏறி, பிறகு சபு மரப் பலகையிலோ மஹோகனியிலோ அது கறையாக இறங்கும்.

மாட்டுவதற்கு முதல்நாளே பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கைக்கு அடங்காத பருமனுள்ள பி.வி.சி. குழாய் ஒன்றில் தொங்கவிடுங்கள். 4 அங்குலக் குழாய் நல்லது. சுருண்டு கிடக்கும் ஓரங்களும் அதில் ஓரளவு நிமிரும். நிமிராமல் தொட்டிபோல் வளைந்தே நிற்கும் பெல்ட் அடித்தட்டில் படியாது, ஓரங்கள் மட்டும் மரத்தைக் கீறும்.

விட்டுப்போன ஒட்டைத் திரும்ப ஒட்டலாமா? இதைப் பிறகு நீளம் பற்றிச் சொல்லும்போது சேர்த்துச் சொல்கிறேன், இரண்டுக்கும் பதில் ஒன்றே.

மரம் கருகுகிறது, மெசின் இழுக்கவில்லை

பெல்ட் அடைத்துக்கொண்டதா, மழுங்கிவிட்டதா? அடைத்ததைக் காப்பாற்றலாம், மழுங்கியதைக் காப்பாற்ற முடியாது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மரத்தின் நிறத்தில் அப்பம்போல் படை படிந்து மணலே தெரியவில்லை என்றால் அடைப்பு. படை இல்லை, ஆனால் துகளின் நுனியெல்லாம் கண்ணாடிப் பொடிபோல் தட்டையாக மினுங்குகிறது என்றால் மழுங்கல். சந்தேகமென்றால் துண்டுப் பலகையில் ஓட்டி, பறக்கும் தூளை விரலில் எடுங்கள். கூரான 80 நம்பர் சொரசொரப்பான தூள் தரும். மழுங்கியது மாவுபோல் தரும், பலகையும் சுடும்.

அடைப்பை எடுக்க உலகம் முழுவதும் விற்பது கிரேப் இறப்பர்க் கட்டி. இறப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு அதை வெளிநாட்டுப் பொட்டலத்தில் தேட வேண்டியதில்லை. சப்பாத்து அடிக்குப் போடும் இளமஞ்சள் கிரேப் இறப்பர் இலங்கையிலேயே செய்யப்படுகிறது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் ஆள் இருந்தால் ஒரு துண்டு சொல்லிவிடுங்கள். தேய்ந்த கிரேப் சப்பாத்து அடியும் அதே வேலை செய்யும். நுரைபோல் இருக்கும் செருப்பு அடி வேண்டாம். சூட்டில் உருகிப் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும்.

மேசை மெசின் என்றால் பெல்ட் ஓடும்போது இறப்பரை நீளமாகப் பிடித்து லேசாகத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். துண்டு கைப்பிடி அளவுக்குத் தேய்ந்ததும் எறியுங்கள். விரல் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கைமெசினைத் தலைகீழாக வைஸில் இறுக்கி இதைச் செய்வது, மெசின் செய்த நிறுவனம் அதற்கான தாங்கியைத் தந்திருந்தால் மட்டும். இல்லையென்றால் இறப்பரைப் பலகையில் ஆணியில்லாமல் பிடிகட்டையால் இறுக்கி வைத்து, மெசினை அதன்மேல் ஓட்டுங்கள்.

கம்பித் தூரிகை, செங்கல், பழைய சாணைக்கல் கொண்டு தேய்க்கும் பழக்கம் மணலையே உடைத்து உதிர்க்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போடுவது இன்னும் மோசம். அடைத்த மரப்பிசின் கரைவது உண்மைதான். ஆனால் அந்தத் துணியை நம் குளிரில் காயவைக்க எத்தனை நாள்? காயாத பெல்ட்டைச் சூடேறும் மெசினில் மாட்டினால் தூள்பையில் தீப்பிடிக்க எல்லாம் தயார். காகித முதுகுள்ள பெல்ட்டைத் தண்ணீரிலும் போடக்கூடாது.

அடைப்பு மறுபடி மறுபடி வருகிறது என்றால் மரத்தைப் பாருங்கள். மலையில் அறுத்த டர்பன்டைன், பைன் பலகைகள் பல நேரம் காயாமலே பட்டறைக்கு வருகின்றன. பைனில் பிசின், பச்சைப் பலகையில் ஈரம். இரண்டுக்கும் முரட்டு நம்பரும் குறைந்த அழுத்தமும் வேண்டும். மெசினின் எடையே போதும். மணல் நெருக்கமில்லாமல் தூவிய பெல்ட் கிடைத்தால் பைனுக்கு அதை எடுங்கள். அதில் மணல் முதுகின் பாதி முதல் முக்கால் பங்குவரைதான் மூடியிருக்கும், தூள் விழ இடம் கிடைக்கும்.

பலகையில் நேர்க்கோடு விழுகிறது

கோடு பள்ளமா மேடா என்று நகத்தால் தடவுங்கள். பள்ளமென்றால் பெல்ட்டில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது: முரட்டு மணல் ஒன்று, அல்லது பிசின் கட்டி. மேடென்றால் அந்த இடத்தில் மணலே உதிர்ந்துவிட்டது. பிசின் கட்டியை இறப்பரால் எடுக்கலாம். மணல் உதிர்ந்த பெல்ட்டை முதல் வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த இடத்தைத் தவிர்த்து அகலத்தில் அறுத்துக்கொள்ளுங்கள்.

மணல் உதிரக் காரணம் பெரும்பாலும் ஆணி. பழைய தேயிலைத் தொழிற்சாலைத் தளப்பலகை, உடைத்த பங்களாவின் கதவு நிலை என்று வாங்கி வருகிறோம், நல்ல மரம், விலையும் குறைவு. காந்தத்தை ஒருமுறை தடவி ஓட்டிவிட்டு மெசினை எடுங்கள். பழைய பெயின்ட் இருந்தால் அதைப் பெல்ட்டில் தூளாக்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

பலகையில் நீலக்கறுப்புப் புள்ளிகள்

இரும்பில் ஓட்டிய பெல்ட்டை மரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இரும்புப் பொடி துவர்ப்புச்சத்துள்ள மரத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் மை மாதிரிக் கறுக்கும். யூகலிப்டஸிலும் மஹோகனியிலும் இது வரும். கத்தி தீட்டிய பெல்ட்டின் முதுகில் சிவப்புப் பேனாவால் பெரிதாக 'இரும்பு' என்று எழுதி வேறு இடத்தில் தொங்கவிடுங்கள்.

கறையைவிடப் பெரிய பிரச்சினை தீப்பொறி. தூள்பையில் மரத்தூள் இருக்கும்போது அதே மெசினில் இரும்பைத் தேய்த்தால் பொறி நேரே பைக்குள் போகும். அது உடனே எரியாமல் கனன்று கிடந்து, பட்டறையைப் பூட்டிவிட்டு லயத்துக்குப் போன பிறகு பற்றலாம். இரும்பு வேலைக்கு முன் பையைக் கழற்றி, மெசினின் உள்வாயையும் துடைத்துவிட வேண்டும்.

ஓரம் பிய்ந்துவிட்டது: அகலத்தில் அறுப்பது

நூல் பிரிந்து தொங்குவது மட்டுமென்றால் கத்தரியால் நறுக்கிவிட்டுப் போகலாம். நூலை இழுக்காதீர்கள், இழுத்தால் சுற்று முழுவதும் உருவிக்கொண்டு வரும். விளிம்பிலிருந்து உள்ளே குறுக்காக ஒரு வெட்டு போயிருந்தால், சிறியதானாலும், இழுவிசை அதை வளர்த்துக்கொண்டே போய் ஒரு நொடியில் பெல்ட்டை இரண்டாக்கிவிடும். அந்தப் பகுதியைச் சுற்று முழுவதும் அறுத்து நீக்கி, மீதியைச் சிறிய மெசினுக்கு மாற்றுவதுதான் சரி.

நல்ல கணக்கு 6க்கு 48 பெல்ட்டிலிருந்து மூன்று 2க்கு 48. கத்தி தீட்டும் சிறிய மெசின்கள் சிலவற்றுக்கு அது நேராகப் பொருந்தும். 4க்கு 36 பெல்ட்டையும் இரண்டாக்கலாம், அந்த நீளத்தில் ஒடுக்கமான மெசின் உங்களிடம் இருந்தால்.

அறுப்பதற்கு முன் முதுகில் அம்புக்குறியை ஒவ்வொரு கீற்றிலும் வரைந்துவிடுங்கள். அச்சடித்த அம்பு ஒரே இடத்தில்தான் இருக்கும். அறுத்த பிறகு எந்தக் கீற்று எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியாமல் போகும். பெல்ட்டின் உள்ளே போகும் அகலத்தில் ஒரு நேரான பலகையைச் செருகுங்கள். துணி முதுகு வெளியே வரும்படி பெல்ட்டைத் திருப்பத் தேவையில்லை என்று சிலர் மணல் பக்கத்திலிருந்து வெட்டுவார்கள். மணல் பக்கம் வெட்டினால் பிளேடு நாலு அங்குலத்துக்குள் செத்துவிடும், கோடும் அலையும். மெதுவாகத் திருப்பி, முதுகு மேலே வரவைத்து, மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறைப்பான துணி திரும்ப மறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம். உள்ளே கைவிடும் அளவு நீளமான பெல்ட்டை மேசை ஓரத்தில் தொங்கவிட்டு உட்புறமிருந்தே வெட்டலாம்.

விளிம்பிலிருந்து அளந்து பென்சில் கோடு போடுங்கள். கெட்ட விளிம்பிலிருந்து அளக்கக்கூடாது, நல்ல விளிம்பிலிருந்து. இரும்பு மட்டக்கோல், புது பிளேடு, இரண்டு மூன்று இழுப்பு. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் கோல் நழுவிக் கோடு நெளியும், நெளிந்த விளிம்பு ஓட்டத்தில் ஆடும். நெய்த துணியைக் கிழிப்பதுபோல் கையால் கிழிப்பது நூல்வாக்கில் நேராகத்தான் வரும், ஒட்டு வரும்வரை. ஒட்டில் நூல் வரிசை மாறுவதால் கிழிசல் எங்கோ போகும்.

அறுத்த பிறகு ஒட்டின் மூலைகளைத் திரும்ப நகத்தால் சோதியுங்கள். ஒட்டு சாய்வாக இருப்பதால் ஒவ்வொரு கீற்றிலும் ஒரு கூர்முனை உண்டாகும். அது எழும்பியிருந்தால் அந்தக் கீற்று மெசினுக்கு வேண்டாம். ஓர் அங்குலத்துக்கும் ஒடுக்கமாக நான் அறுப்பதில்லை.

இன்னொன்று முக்கியம். ஒடுக்கிய பெல்ட்டை அகலமான மெசினிலேயே மாட்டாதீர்கள். 4 அங்குல மெசினின் ஸ்பிரிங் 4 அங்குலத் துணிக்குக் கணக்கிட்டது. அதில் 2 அங்குலக் கீற்றைப் போட்டால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரட்டை இழுவை, ஒட்டுக்கும் இரட்டை. பக்கத்தில் உருளை வெறுமனே சுற்றும், கம்பளிச் சட்டையின் கை அதில் சிக்கவும் இடமிருக்கும்.

முதல் ஓட்டத்தில் பெல்ட்டின் ஓட்டுத்திசைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பலகை எதுவும் வைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கண்ணாடி போட்டிருக்க வேண்டும். மலையகத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: காலைக் குளிரில் மப்ளரும் தொங்கும் ஸ்வெட்டர்க் கையுமாக மெசினுக்குப் பக்கத்தில் வர வேண்டாம். கையுறையும் வேண்டாம். உடம்பைச் சூடாக்க உள்ளே இன்னொரு சட்டை போடுங்கள்.

நீளம் பொருந்தவில்லை

முதலில் சரியாக அளந்தீர்களா என்று பாருங்கள். 18 அங்குலம் 457 மில்லிமீட்டர், 21 என்றால் 533, 24 என்றால் 610, 36 என்றால் 914, 48 என்றால் 1,219. பெட்டியில் 75க்கு 533 என்றும் 76க்கு 533 என்றும் போட்டிருப்பது ஒரே பெல்ட்தான். பழைய மெசினில் அளவுத் தகடு தேய்ந்து போயிருந்தால் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம்: இரு உருளைகளின் நடுவுக்கு நடுவுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, இரு உருளைகளின் குறுக்களவையும் கூட்டி 1.57 ஆல் பெருக்கி, இரண்டையும் சேர்க்க வேண்டும். உருளை இரண்டும் 65 மில்லிமீட்டர், நடுத்தூரம் 355 என்றால் 710 கூட்டல் 204, மொத்தம் 914. ஆக அது 36 அங்குலப் பெல்ட் மெசின். ஸ்பிரிங்கை முழுதாக உள்ளே தள்ளி ஒருமுறை, முழுதாக வெளியே விட்டு ஒருமுறை அளந்தால் எந்த நீளம்வரை ஏற்கும் என்று தெரியும். உங்கள் பெல்ட் அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும்.

மாட்டிய பெல்ட் தொளதொளவென்றிருந்து, அழுத்தியதும் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் சுற்றுகிறது என்றால் ஈரத்தில் பெல்ட் நீண்டிருக்கலாம், அல்லது ஓட்டும் உருளையின் இறப்பர் இறுகிக் கண்ணாடியாகியிருக்கலாம். உருளையில் பிசின் பூசுவது, சவர்க்காரம் தேய்ப்பது எல்லாம் வேண்டாத வேலை.

இனி, 21 அங்குலப் பெல்ட்டை வெட்டி 18 அங்குல மெசினுக்கு ஒட்டலாமா, அறுந்த பெல்ட்டைத் திரும்ப ஒட்டலாமா? கைமெசினுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான பதில். தொழிற்சாலையில் ஒட்டு போடும்போது முனையை அளவோடு சீவி, சாய்வாக வெட்டி, வளையும் தன்மையுள்ள பசையோ இழைநாடாவோ வைத்து, சூட்டோடு அழுத்துகிறார்கள். நாம் எடுப்பது சூப்பர் குளூ. அது கண்ணாடிபோல் இறுகி, சிறிய உருளையைச் சுற்றும்போது முறியும். எபொக்சியும் அப்படியே. வெள்ளை மரப்பசையும் சப்பாத்துப் பசையும் சூட்டில் இளகும். மேலே துணிநாடா ஒட்டினால் அது அடித்தட்டில் தட்டும், சூடேறும், பிசுபிசுத்துக் கழன்று வரும். ஸ்டேப்ளர் கம்பி அடித்தவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது. ஒட்டு ஒரு மில்லிமீட்டர் கோணலானாலும் பெல்ட் ஒரு பக்கமாக ஓடும் என்பது இதற்கெல்லாம் மேல்.

வித்தியாசமான நீளம் உண்மையிலேயே தேவைப்பட்டால், ரோலிலிருந்து அளவுக்கு வெட்டி இயந்திரத்தில் ஒட்டிக் கொடுக்கும் வியாபாரியிடம் அளவைச் சொல்லி எடுங்கள். உருளைகளின் குறுக்களவையும் கூடச் சொல்லுங்கள். சிறிய உருளைக்கு இளக்கமான துணி வேண்டும்.

மெசினுக்கு ஆகாத பெல்ட்

ஒட்டில் வெட்டி விரித்தால் நீளமான ஒரு துணித்தாள் கிடைக்கும், கடையில் விற்கும் சாதாரண சாண்ட் பேப்பரைவிடப் பலமடங்கு உறுதியானது. நேரான பலகையில் ஒட்டி நீளப் பட்டையாக வைத்துக்கொண்டால் கதவின் ஓரங்களை நேராக்க நல்ல கருவி. ஓர் அங்குலக் கீற்றாகக் கிழித்து இரண்டு கையாலும் இழுத்தால் கடைசல் கட்டில்காலின் பள்ளங்கள் சுத்தமாகும். கடைசல் மெசின் நின்ற பிறகு, சுற்றும்போதல்ல. மழுங்கிய 120 நம்பர் வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையில் லேசாகத் தேய்க்கப் பொருந்தும். மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் துருப்பிடித்துக் கிடந்தால் 60 நம்பர்க் கீற்றால் தேய்த்தெடுக்கலாம், ஆனால் அந்தக் கீற்று பிறகு மரத்துக்கு வரக்கூடாது.

கையால் தேய்த்தாலும் மூக்கை மூடுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேயிலை மலையில் நிழலுக்கு நட்ட சவுக்கு, அதாவது கிரேவிலியா, அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். அந்த மரத்தில் வேலை செய்த நாளில் முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் கழுத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.